சங்கக் கூடத்துக்கு அவசர விளக்கு

நமது சங்கங்கள் சிலவற்றுக்குச் சொந்தமாகக் கூடங்கள் உண்டு. மகாசபைக் கூட்டமும், அங்கத்தினர் வீட்டுத் திருமணமும், காதணி விழாவும் அங்கேயே நடைபெறுகின்றன. பெருமழைக் காலத்தில் வீட்டை விட்டு வந்தோர் தங்குவதும் பெரும்பாலும் இத்தகைய கூடங்களில்தான். இங்கே இரவு நேரத்தில் திடீரென மின்சாரம் நின்றுவிட்டால், உள்ளே இருப்போர் இடறி விழாமலும் நெருக்குண்ணாமலும் வெளியே வருவதற்கு எவ்வகை விளக்கு வேண்டும், அதனை எவ்வாறு பார்த்து வாங்குவது என்பதே இப்பாடத்தின் பொருளாகும்.

நான் இதனை எழுதப் புகுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், கார்த்திகை மாதத்தில், கோத்தகிரி வட்டாரத்திலுள்ள ஒரு சிறு தேயிலை விவசாயிகள் சங்கத்தின் மகாசபைக்குச் சென்றிருந்தேன். சங்கத்தின் பெயர் இங்கே வேண்டியதில்லை. ஏறக்குறைய 200 பேர் கூடியிருந்தனர். மாலை ஆறரை மணிக்கு வரவு செலவுத் திட்டம் வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தபோது மின்சாரம் நின்றது. கூடத்தில் நான்கு அவசர விளக்குகள் சுவரில் பொருத்தப்பட்டிருந்தன. அவற்றுள் மூன்று எரியவே இல்லை. ஒன்று மட்டும் பத்து நிமிடம் மங்கலாக எரிந்து அணைந்தது. கைபேசி வைத்திருந்தவர்கள் அதன் வெளிச்சத்தில் முன்வாயிலை நோக்கி நகர்ந்தார்கள். கைபேசி இல்லாத மூதாட்டி ஒருவர், சமையற்கூடத்தின் பக்கமாக வீட்டுக்குக் குறுக்கு வழி உண்டு என்ற நினைவில் அத்திசையில் நடந்து, அங்கிருந்த மூன்று படிகளைக் காணாமல் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அந்த அங்கத்தினர் அதற்குப்பின் தம் தோட்டத்துச் சரிவில் இறங்கிப் பச்சைத் தேயிலை பறித்ததே இல்லை.

மறுநாள் காரியதரிசியும் நானும் அந்த விளக்குகளை இறக்கிப் பார்த்தோம். மூன்று விலைப்புள்ளிகள் பெற்று, நிர்வாகக் குழுவின் தீர்மானத்தோடு, பொதுநல நிதியிலிருந்து வாங்கப்பட்ட நல்ல விளக்குகள் அவை. வாங்கி ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. “ஐயா, நேற்றுக் காலையிற்கூட நான்கிலும் பச்சைப் பொட்டு எரிந்துகொண்டுதானே இருந்தது?” என்று காரியதரிசி கேட்டார். பச்சைப் பொட்டு, விளக்குக்கு மின்சாரம் வந்துகொண்டிருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். பேட்டரியில் உயிர் இருக்கிறதா என்பதை அது காட்டாது. பேட்டரி எப்படிச் செத்தது என்று ஆராய்ந்தபோது, கூடத்தின் காவலர் ஒவ்வொரு நிகழ்ச்சியும் முடிந்தபின் பெரிய சுவிட்சை இறக்கிவிட்டுக் கதவைப் பூட்டுவது வழக்கம் என்று தெரியவந்தது. மின்சாரம் நின்றுவிட்டதாக விளக்குகள் எண்ணிக்கொள்ளும். யாருமில்லாத கூடத்தில் இரவெல்லாம் எரிந்து பேட்டரியைக் காலி செய்யும். பிறகு அடுத்த நிகழ்ச்சி வரையில் காலியாகவே கிடக்கும். ஈயப் பேட்டரி காலியாகக் கிடந்தால் அதன் தகடுகளில் உப்புப் படிந்து இறுகிவிடும். பின்னர் எத்தனை நாள் மின்னேற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்புவதில்லை.

காவலர்மீது குற்றமில்லை. மின் கட்டணத்தைக் குறைக்கும்பொருட்டு அவ்வாறு செய்யவேண்டுமென்று நிர்வாகக் குழுவே தீர்மானித்திருந்தது. அத்தீர்மானமோ, கூடத்தின் மின் செலவு மிகுதி என்று அதற்கு முந்திய ஆண்டு எழுதப்பட்ட ஆய்வுக் குறிப்பின்மேல் நிறைவேற்றப்பட்டது. அந்தக் குறிப்பில் கையொப்பமிட்டிருந்தவன் நான்.

விளக்கு எதற்காக?

மலையில் மின்சாரம் நிற்பது புதுமையன்று. பைக்காரா நீர்மின் நிலையம் 1932ஆம் ஆண்டு முதலும், குந்தா நிலையங்கள் 1960களிலிருந்தும் சமவெளிக்கு மின்சாரம் அனுப்பி வருகின்றன. ஆயினும் ஒரு கற்பூர மரமோ சில்வர் ஓக் மரமோ கம்பியின்மேல் சாய்ந்தால், அந்நிலையங்களைச் சுற்றியுள்ள ஊர்களும் இருளில் மூழ்கிவிடுகின்றன. 2009 நவம்பரில் கேத்தியிலும், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியிலும், ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை பெய்தது. முன்னதில் நிலச்சரிவுகளால் மாவட்டத்தில் 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அத்தகைய நாட்களில் சாலை திறந்தால்தான் கம்பம் நடுவதற்கு ஆட்கள் வரமுடியும்.

ஆகவே “மின்சாரம் நின்றால் நிகழ்ச்சி தடைப்படாமல் நடக்கவேண்டும்” என்ற கோரிக்கை நிர்வாகக் குழுக்களில் எழுவது இயல்பே. அதற்கு ஜெனரேட்டர் வேண்டும்; அல்லது பெரிய இன்வெர்ட்டர் வேண்டும். இவ்விரண்டும் நல்லவையே, ஆனால் இவை அவசர விளக்குக்கு மாற்றாக மாட்டா. ஜெனரேட்டரை யாரேனும் ஒருவர் சென்று இயக்கவேண்டும். தானே இயங்கும் வகைக்கும் சில விநாடிகள் பிடிக்கும். டீசல் தீர்ந்திருந்தால் அதுவுமில்லை. இன்வெர்ட்டர் உடனே இயங்கும் என்பது மெய். ஆனால் அதிலிருந்து செல்லும் கம்பி கூடத்தின் பழைய கம்பிகளோடு ஒரே குழாயில்தான் செல்கிறது. மின்கசிவால் தீப்பற்றினால் இரண்டும் சேர்ந்தே எரியும். தன் பேட்டரியைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் சிறு விளக்குக்கு இந்த இடர் இல்லை. நிகழ்ச்சி நடப்பதற்கு ஒரு வெளிச்சம், வெளியேறுவதற்கு வேறொரு வெளிச்சம் என்று பிரித்துக்கொள்வதே முறை. நிதி ஒன்றுக்குத்தான் போதும் என்றால், இரண்டாவதையே முதலில் வாங்கவேண்டும் என்பது என் கருத்து.

இது மலைப்பகுதியின் கவலை மட்டும் என்றும் எண்ணவேண்டாம். 1997 ஜூன் 13 அன்று டெல்லியில் உப்ஹார் திரையரங்கில் பகற் காட்சியின்போது, கீழ்த்தளத்திலிருந்த மின்மாற்றியில் தீப்பிடித்தது. புகை மேலேறி மாடி இருக்கைகளை அடைந்தது; மின்சாரம் நின்றது. வெளிவழி காட்டும் விளக்குகளும் அவசர விளக்குகளும் எரியவில்லை. கூடுதல் இருக்கைகள் போடுவதற்காக ஒரு பக்கத்து வழி அடைக்கப்பட்டிருந்தது. மாண்டவர்கள் 59 பேர். மூச்சுத் திணறியே மாண்டனர். வெளியே நல்ல பகல் வெளிச்சம். உள்ளே மட்டும் இருள். இந்த வழக்கின் தீர்ப்புகளில் விளக்கில்லாமையும் அடைபட்ட வழியும் சேர்த்தே கூறப்பட்டிருக்கின்றன. விளக்கு வாங்குவோர் இரண்டாவதையும் மறந்துவிடலாகாது. நம் மலைக் கூடங்களில் குரங்குக்கும் கரடிக்கும் அஞ்சிச் சமையற்கூடக் கதவைப் பூட்டிச் சாவியை வேறிடத்தில் வைத்திருக்கிறோம். பூட்டிய கதவின்மேல் எத்தனை அழகிய விளக்கு எரிந்தும் பயனில்லை. உள்ளிருந்து கையால் தள்ளித் திறக்கும் தாழ்ப்பாளே அங்கே பொருந்தும். கரடிக்கு அது வெளியிலிருந்து திறக்காது.

பெட்டியின்மேல் எழுதியிருப்பதும் நடப்பதும்

கடையில் விளக்கு வாங்கும்போது பெட்டியின்மேல் “10 வாட்”, “5 மணி நேரம்” என்றெல்லாம் எழுதியிருப்பதைக் காணலாம். நாம் பார்க்கவேண்டியது பேட்டரியின் அளவு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 6 வோல்ட், 4.5 ஆம்பியர்-மணி என்று எழுதப்பட்ட ஈயப் பேட்டரி இத்தகைய விளக்குகளில் மிகவும் வழக்கமானது. இரண்டையும் பெருக்கினால் 27 வாட்-மணி. 10 வாட் விளக்கை அது 2 மணி 42 நிமிடம் எரிக்கவேண்டும். ஏட்டுக் கணக்கு இதுவே.

நடைமுறையில் மூன்று கழிவுகள் உண்டு. பேட்டரியின் மேலே குறித்த அளவு, 20 மணி நேரம் மெதுவாகச் செலவழித்தால் கிடைக்கும் அளவு. இரண்டு மூன்று மணியில் செலவழித்தால் ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்று கொள்ளலாம். இரண்டு மூன்று ஆண்டுப் பழக்கத்தில் மேலும் ஐந்தில் ஒரு பங்கு குறையும். மூன்றாவது கழிவு குளிரால் வருவது. உதகையில் தை மாதத்து உறைபனிக் காலத்தில், சூடேற்றப்படாத கூடத்தில், வெப்பம் 0 டிகிரியை நெருங்கும்போது, ஈயப் பேட்டரி தன் கொள்ளளவில் ஏறக்குறைய 80 விழுக்காடே தரும். 27ஐ மூன்று முறை ஐந்தில் ஒரு பங்கு கழித்தால் 14 வாட்-மணிக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். 10 வாட் விளக்கு 1 மணி 23 நிமிடத்தில் அணைந்துவிடும். அதே பேட்டரியில் 6 வாட் விளக்கோ 2 மணி 18 நிமிடம் எரியும்.

இக்கணக்கு ஏன் முக்கியமெனில், இந்திய தேசியக் கட்டடத் தொகுப்பு, எவ்வளவு சிறிய கட்டடமாயினும் அவசர விளக்கு 90 நிமிடமாவது எரியவேண்டும் என்று கூறுகிறது. கண்ணைப் பறிக்கும் 10 வாட் விளக்கு அத்தேர்வில் தோற்று, மங்கலாகத் தோன்றும் 6 வாட் விளக்கு தேறுகிறது. வெளிச்சத்தின் அளவைப் பற்றி அஞ்சவேண்டாம். முழு நிலவு தரையில் தருவது கால் லக்ஸ் அளவே; அந்த வெளிச்சத்தில் நம் முன்னோர் இரவெல்லாம் நடந்திருக்கிறார்கள். பிரிட்டனில் வெளியேறும் பாதைக்கு வகுத்த குறைந்த அளவு 1 லக்ஸ். நம் தொகுப்பு அதைவிட மிகுதியாகக் கேட்கிறது. ஆனால் அதுவும் படிப்பதற்குரிய வெளிச்சமன்று, படியைக் காண்பதற்குரிய வெளிச்சமே. சிறு எல்.இ.டி. விளக்குகள் பலவற்றை இடைவிட்டு வைத்தால் இது எளிதில் கிடைக்கும். இரட்டைக் கண் போன்ற பெரிய விளக்கொன்றைக் கூடத்தின் கோடியில் மாட்டினால், எதிரே வருவோர் கண் கூசும். முதுகில் வெளிச்சம் விழுவோருக்குத் தம் நிழலே படியை மறைக்கும். மேலும், ஒற்றை விளக்கு பழுதானால் எல்லாம் போயிற்று.

சமவெளியிலுள்ள நெசவாளர் சங்கத்தார்க்கு மேற்கூறிய குளிர்க் கழிவு இல்லை. ஆனால் அவர்களுக்கு வேறொரு கழிவு உண்டு. ஈயப் பேட்டரியின் ஆயுள், 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறையப் பாதியாகும். மலையடிவாரத்துச் சிறுமுகையில் சித்திரை மாதத்துக் கூரையின்கீழ் தொங்கும் விளக்கு, உதகையில் உள்ளதைவிட விரைவில் மூப்படையும். ஒரே விளக்கு மலைமேல் குறைவாக எரிந்து நெடுநாள் வாழ்கிறது. கீழே நன்றாக எரிந்து விரைவில் இறக்கிறது. எனவே கீழே உள்ளவர்கள் பேட்டரி மாற்றும் செலவை வரவு செலவுத் திட்டத்தில் முன்னதாகவே சேர்த்துக்கொள்ளவேண்டும்.

இந்நாளில் லித்தியம் இரும்புப் பாஸ்பேட் பேட்டரி பொருத்திய விளக்குகளும் கிடைக்கின்றன. விலை கூடுதல்; ஆயுள் நீண்டது; காலியாகக் கிடந்தாலும் ஈயத்தைப்போல் அவ்வளவு விரைவில் கெடுவதில்லை. 0 டிகிரிக்குக் கீழே மின்னேற்றினால் மட்டும் உள்ளே பழுதடையும். கூடத்துக்குள் அவ்வளவு குளிர் வருவதில்லையாதலால், பேட்டரியை உள்ளே வைத்து, வாயிற்புற விளக்குக்குக் கம்பி மட்டும் இழுத்துக்கொள்வது நல்லது. கூரைமேல் சூரியத் தகடு வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்கிறார்கள். குந்தா, கூடலூர்ப் பக்கத்தில் ஆடி மாதத்திலும், குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகையிலும், பல நாட்கள் சூரியனையே காண்பதில்லை. விளக்கு மிகவும் வேண்டிய வாரத்தில் கையை விரிக்கும் ஏற்பாட்டை நம்பிக் கூடத்தை விடுவதற்கில்லை.

இருட்டில் ஒரு நடை

விலைப்புள்ளி கேட்பதற்கு முன்பே நிர்வாகக் குழுவினர் செய்யவேண்டிய காரியம் ஒன்றுண்டு. இரவு எட்டு மணிக்குக் கூடத்தில் எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு, கையில் ஒரு டார்ச் விளக்கை எரியவிடாமல் வைத்துக்கொண்டு, மேடையிலிருந்து ஒவ்வொரு வாயிலுக்கும் நடந்து பார்க்கவேண்டும். எங்கே கால் தயங்குகிறதோ அங்கே சுண்ணாம்புக் கட்டியால் ஒரு குறி இடவேண்டும். குழுவில் வயது முதிர்ந்தவர் யாரோ அவரையே முன்னே நடக்கச் சொல்வது உத்தமம்.

நம் கூடங்கள் பலவும் சரிவில் கட்டப்பட்டவை. முன்வாயில் சாலை மட்டத்தில் இருக்கும். பின்வாயிலோ தேயிலைச் சரிவை நோக்கிப் பத்துப் பன்னிரண்டு படி இறங்கும். சாப்பாட்டுக் கூடம் பெரும்பாலும் கீழ்த்தளத்தில். பந்தி நடக்கும்போது மின்சாரம் நின்றால், மேலே உள்ளவர் கீழேயும் கீழே உள்ளவர் மேலேயும் அதே குறுகிய படிக்கட்டில்தான் சந்திக்கிறார்கள். ஆகவே முதல் விளக்கு படிக்கட்டுக்கு உரியது. ஒவ்வொரு வரிசைப் படியின்மேலும் நேரே வெளிச்சம் விழவேண்டும். அடுத்து, ஒற்றைப் படியாயினும் தரைமட்டம் மாறும் இடம். மேற்கூறிய மூதாட்டி விழுந்தது அத்தகைய இடத்திலேதான். பிறகு பாதை திரும்பும் மூலைகள், கதவுகள், தீயணைப்புக் கருவி தொங்கும் இடம். கடைசி வாயிலுக்கு வெளியேயும் ஒன்று கட்டாயம் வேண்டும். பனிமூட்டத்தில் வாசலுக்கு வெளியே இரண்டு கஜம் தெரியாது; குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தில் காட்டெருமை கூடத்து முற்றத்தில் நிற்பதும் எல்லோரும் அறிந்ததே. வெளியே இருட்டாக இருந்தால் முன்னே செல்பவர் வாசலிலேயே நின்றுவிடுவார். பின்னே வருபவர்கள் அவரைத் தள்ளுவார்கள்.

உயரத்தைப் பொறுத்தவரையில், கூரையோடு ஒட்டி வைக்கவேண்டாம். புகை மேலே சென்று தங்குமாதலால் கூரை விளக்கே முதலில் மறையும். தரையிலிருந்து 2 மீட்டருக்குக் குறையாமல், அதற்குமேல் இயன்ற அளவு தாழ்வாக வைப்பதே சரி. வாயிலின்மேல் வைக்கும் பச்சை நிறப் பலகையில் “வெளியே செல்லும் வழி” என்று எழுதுவதோடு, ஓடும் மனிதனின் படமும் இருக்கவேண்டும். ஜப்பானில் வரையப்பட்டு உலகெங்கும் பரவிய படம் அது. நம் தேயிலைத் தோட்டங்களில் இன்று ஜார்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த தொழிலாளர் பலர் வேலை செய்கின்றனர். அவர்களுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது, படம் தெரியும்.

மின்கம்பி இணைப்பில் கவனிக்கவேண்டியவை இரண்டு. அவசர விளக்குகளுக்குத் தனி இணைப்பு வேண்டும். காவலர் பெரிய சுவிட்சை இறக்கினாலும் அந்த இணைப்பில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கவேண்டும். அதன் சுவிட்சைப் பூட்டிய சிறு பெட்டிக்குள் வைக்கவேண்டும். இதற்காகும் மின் செலவு மிகச் சொற்பம். ஆய்வுக்கு வருவோர் அதைக் கேள்வி கேட்டால், இக்கட்டுரையை எடுத்துக் காட்டலாம். இரண்டாவது சற்று நுட்பமானது. ஊர் முழுதும் மின்சாரம் இருக்கையில், கூடத்து விளக்குகளின் பியூஸ் மட்டும் போய்விடுவதுண்டு. தனி இணைப்பில் மின்சாரம் இருப்பதால் அவசர விளக்குகள் ஒன்றும் நேரவில்லையென்று சும்மா இருந்துவிடும். அந்தந்த இடத்துச் சாதாரண விளக்கின் இணைப்பில் மின்சாரம் நின்றதையும் உணர்ந்து எரியுமாறு அமைத்துத் தரவேண்டும் என்று மின்பணியாளரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளவேண்டும். இதனைக் கேட்டால் புருவம் உயர்த்துகின்ற மின்பணியாளரை விட்டு வேறொருவரை நாடுவது நலம்.

பெட்ரோமாக்ஸ் விளக்கு இருந்த நாளில், திருமண வீட்டில் அதற்கென்றே ஒரு ஆள் இருப்பார். மாலையில் எண்ணெய் ஊற்றி, காற்றடித்து, மாண்டில் கட்டி, இரவு முழுதும் அதைப் பார்த்துக்கொள்வார். ஆள் இல்லாமல் அந்த விளக்கு எரியாது. சுவரில் மாட்டிய பேட்டரி விளக்கோ தனக்கு யாரும் வேண்டாததுபோல் தோன்றுகிறது. அதனால் யாரும் அதைப் பார்ப்பதில்லை. விளக்கு வாங்கும் தீர்மானத்திலேயே, அதைச் சோதிக்கும் பொறுப்பு இன்னாருடையது என்று பெயர் குறித்து எழுதவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். மாதம் ஒருமுறை ஒரு நிமிடம் எரியவிட்டுப் பார்த்தால் போதும். ஆண்டுக்கு ஒருமுறை 90 நிமிடமும் எரியவிடவேண்டும். முழுச் சோதனைக்குப்பின் மறுபடி நிரம்ப ஒரு நாள் ஆகுமாதலால், நிகழ்ச்சியில்லாத வாரத்தில் அதை வைத்துக்கொள்ளவேண்டும். புயல் மழையில் மூன்று நாள் மின்சாரம் இல்லாதிருந்து, நான்காம் நாள் வந்தவுடனே திருமணம் நடந்தால், அன்றைய இரவுக்கு இவ்விளக்குகளை நம்பலாகாது. அதற்கென்று நான்கைந்து டார்ச் விளக்குகளைச் சமையற்காரரிடமும் காவலரிடமும் கொடுத்து வைக்கவேண்டும். மெழுகுவர்த்தி கூடவே கூடாது. செயற்கை இழைச் சேலைகளும் காகிதத் தோரணங்களும் நிறைந்த கூட்டத்தில் அது விளக்கன்று, தீக்குச்சி.

கோத்தகிரிச் சங்கத்தார் இப்போது ஒன்பது விளக்குகள் வைத்திருக்கிறார்கள். எல்லாம் 6 வாட்டுக்கு மேற்படாதவை. சமையற்கூடத்துப் படியின் விளிம்பில் வெள்ளைப் பட்டையும் தீட்டியிருக்கிறார்கள். சென்ற முறை ஆய்வுக்குச் சென்றபோது தளவாடச் சாமான் பதிவேட்டை மூடிவிட்டு, பெரிய சுவிட்சையும் தனி இணைப்பையும் இறக்கச் சொன்னேன். காரியதரிசி, காவலர், நான் ஆகிய மூவரும் 90 நிமிடம் தேநீர் அருந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஆய்வு நேரத்தை இவ்வாறு கழித்ததற்கு என் மேலதிகாரி என்ன சொல்வாரோ என்று காரியதரிசிக்குக் கவலை. காவலர் பதிவேட்டில் தம் கையாலேயே எழுதினார்: “ஒன்பதில் எட்டு விளக்கு முழு நேரம் எரிந்தன. பின்வாசல் விளக்கு 50 நிமிடத்தில் நின்றது. பேட்டரி மாற்றவேண்டும். மாற்றும் வரையில் பின்வாசலில் டார்ச்சுடன் நான் நிற்பேன்.”